என்னவென்று கூப்பிடுவாள் வேம்பு?

பஞ்சநதம் பிள்ளை வீட்டில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் இல்லை. அவர் தகப்பனார் காலத்திலும் இல்லை, அதற்கு முன்னாலும் இல்லை. நெல் விலை திடீரென்று ஏறிப்போன வருஷத்தில்கூடப் பேசிய விலைக்கே மூட்டைகளை ஏற்றி அனுப்பிய வீடு அது. ஆகவே, ஒரு சொல் வாய் தவறி வந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

வாய் தவறி வந்த சொல், 'மாமா'.

முந்தின நாள் சாயங்காலம் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது வாய்க்கால் மதகு ஓரம் ஒரே சேறாக இருந்தது. கூட வந்த வேம்பு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயங்கினாள். "மாமா கையைப் பிடிச்சுக்கம்மா, தாண்டிடலாம்" என்றார் பஞ்சநதம். யார் வீட்டுக் குழந்தையிடமும் எந்த ஆண்பிள்ளையும் சொல்கிற சொல்தான். ரயிலில் எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் சொல்வதில்லையா?

ஆனால் ரயில் வேறு, வடகரைமங்கலம் வேறு. மதகுச் சுவரில் ஊர்க்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. பஞ்சநதம் பிள்ளை தம் மகன் குஞ்சிதபாதத்துக்குப் பெண் எடுத்துவிட்டாராம். அதுவும் யார் பெண்ணை? கோர்ட்டில் எதிராளியாக நிற்கிற பக்கிரியின் பெண்ணை!

இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்கு வேம்பு யார் என்று தெரியும். நடுவில் வந்து உட்காருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை.

பஞ்சநதத்தின் பத்து மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவன் பக்கிரி. ஒரே இனத்தார்தாம், உறவு கிடையாது. ஆனாலும் வருஷக்கணக்காக 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டு வந்தான். புது சர்க்கார் வந்து, குத்தகைக்காரர்கள் தாலுகா ஆபீஸில் பேரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் போட்டதும், பக்கிரி போய் மனுக் கொடுத்துவிட்டான். பஞ்சநதத்துக்கு நிலம் போய்விடுமே என்ற பயத்தைவிட, 'என் வாய்வார்த்தை போதவில்லையா அவனுக்கு?' என்ற ரோஷம்தான் பெரிதாக இருந்தது. எதிர் மனுப் போட்டார். பேச்சு வார்த்தை நின்றது.

தை அறுவடையில் பக்கத்து ஊர் மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். செங்கொடிக்காரர்கள் வயலில் இறங்கி மறித்தார்கள். போலீஸ் வண்டியில் ஏற்றப்பட்டவர்களில் பக்கிரியும் ஒருவன். இப்போது திருச்சி ஜெயிலில் இருக்கிறான். அவன் மனைவி கண்ணாத்தாள் காசநோயோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். குழந்தையை அவள் பக்கத்தில் விடக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஒன்பது வயது வேம்புவை, புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பஞ்சநதத்தின் மனைவி மங்களாம்பிகை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு புதிர் நடமாடிக்கொண்டிருந்தது.

வேம்பு பேசாத பெண் அல்ல. வாயாடி என்றே சொல்லலாம். எந்த மாடு எப்போது ஈனும் என்பதிலிருந்து எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பதுவரை பேசுவாள். ஆனால் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மங்களாம்பிகையிடம் மோர் வேண்டுமானால் அடுப்படி நிலையில் நின்று வளையலைக் குலுக்குவாள். பஞ்சநதத்தைச் சாப்பிட அழைத்துவரச் சொன்னால், எதிரே வந்து நின்று, அவர் நிமிர்கிறவரை காத்திருந்து, "இலை போட்டாச்சு" என்பாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருவாள்.

ஒரு நாள் பஞ்சநதம் வேண்டுமென்றே நிற்காமல் கிணற்றடிக்கும் தொழுவத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார். அவளும் சளைக்காமல் பக்கத்திலேயே நடந்தாள். கடைசியில் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அவருக்கு அது ஒரு ஆவலாகவே ஆகிவிட்டது. என்னவென்று கூப்பிடுவாள்? 'ஐயா' என்றால் வேலைக்கு நிற்கிற பெண். 'மாமா' என்றால் ஊர் நினைப்பதுபோல மருமகள். 'பெரியப்பா' என்றால் மகள். ஒரு சொல்லில் ஒரு வாழ்க்கை இருந்தது.

காலையில் கூடத்தில் பேப்பரைப் பிரித்தபோது, தாழ்வாரத்தில் பிள்ளைகள் பேசுவது காதில் விழுந்தது.

"என்னை அத்தான்னு கூப்பிட்டா நான் கும்பகோணத்துல சித்தப்பா வீட்டுக்கே போயிடுவேன்" என்றான் குஞ்சிதபாதம். எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற பையன். காலையில் குளத்தங்கரையில் சிநேகிதர்கள் அவனை 'மாப்ளே' என்று கூப்பிட்டு முக்கி எடுத்திருந்தார்கள்.

"உன் மூஞ்சிக்கு அவ கூப்பிடவே மாட்டா" என்றாள் அவன் தங்கை சாவித்திரி. அவளுக்குப் பதினொரு வயது.

"அவ இங்கேயே இருக்கறது உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பாதி பிடிச்சிருக்கு. பல்லாங்குழிக்கு ஆள் கிடைக்குது. ஆனா அம்மா பக்கத்துல நான்தான் படுப்பேன். அதைச் சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"'சரி, உங்க காலடியில படுத்துக்கறேன்'னா. அப்புறம் எனக்குத் தூக்கமே வரலை."

பஞ்சநதம் பேப்பரை மடித்தார். படிக்கிற எழுத்து ஒன்றும் மனசில் ஏறவில்லை.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். நன்னிலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள் தங்கை தர்மாம்பாள். அவள் மகள் பிறந்த அன்றைக்கே குஞ்சிதபாதத்துக்கு என்று இரு வீட்டிலும் பேசி வைத்ததுதான்.

"வா தர்மு. மாப்பிள்ளை சௌக்கியமா?"

"எல்லாரும் சௌக்கியம். புது மருமக எங்கே? பாத்துட்டு, கையில வெத்தலை பாக்கு வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"காப்பி குடி. அப்புறம் பேசு."

"காப்பி இருக்கட்டும். எம் பொண்ணுக்கு என்ன குறைச்சல் அண்ணே? மூக்கா, முழியா?"

"அவளுக்கு எட்டு வயசு, தர்மு."

"முறைக்கு வயசு உண்டா? அது அவ பொறந்தன்னிக்கே வந்தது." தர்மாம்பாள் முந்தானையால் விசிறிக்கொண்டாள். "கேஸை விட்டுக்குடுத்துப் பொண்ணை எடுக்கறார்னு பஸ்ல பேசிக்கிறாங்க. டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் என்னைக் கேக்கறான்: 'உங்க அண்ணன் பத்து மாவை சீதனமா வாங்கறாரா, குடுக்கறாரா'ன்னு. நான் எங்கே முகத்தை வெச்சுக்கறது?"

அந்த வார்த்தை பஞ்சநதத்தை எங்கே சுட வேண்டுமோ அங்கே சுட்டது. நிலத்துக்காக மகனை விலை பேசினான் என்று ஒரு பேச்சு! இந்த வீட்டு வாசலில் இப்படி ஒரு பேச்சு ஏறியதே இல்லை.

"அனுப்பிடுங்க அண்ணே. ஊர் வாய் தானா மூடிடும். தஞ்சாவூர்ல ஏதோ இல்லம் இருக்குன்னு வாத்தியார் சொன்னாராமே. சர்க்கார் சோறு போடும், துணி குடுக்கும்."

அடுப்படியிலிருந்து மங்களாம்பிகையின் குரல் வந்தது. "சர்க்கார் தலை வாரிவிடுமா?"

"அண்ணி, நீங்க பேசாம இருங்க. கூட்டிட்டு வந்ததே நீங்கதான்."

"ஆமா, நான்தான்." மங்களாம்பிகை கரண்டியோடு வெளியே வந்தாள். "பூட்டின வீட்டு வாசல்ல உக்காந்து, சிந்திக் கிடந்த அரிசியை ஒண்ணொண்ணாப் பொறுக்கிட்டிருந்தா. அதைப் பாத்துட்டு நான் நேரா நடந்து வந்திருக்கணும்கறியா?" பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. வாத்தியார் இன்னிக்குப் பதில் கேட்டு வரப்போறார். என்ன சொல்லப் போறீங்க?"

அவர் பதில் யோசிக்கும் முன்பே வாத்தியார் வந்துவிட்டார்.

அஹமது கபீர் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். சுற்றி வளைக்காத மனிதர். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மத்தியான பஸ்ல தஞ்சாவூர் போறேன், பிள்ளைவாள். இல்லத்துல ஒரு இடம் இருக்கு. இன்னிக்கு விட்டா வேற குழந்தைக்குப் போயிடும். அழைச்சிட்டுப் போகவா, வேண்டாமா?"

"இங்கே இருந்தா உங்களுக்கு ஆட்சேபணையா?"

"எனக்கு என்ன ஆட்சேபணை? சந்தோஷம்தான். ஆனா எப்படி இருக்கப்போகுதுன்னு தெரியணும். விருந்தாளியா, வேலைக்கா, வீட்டுப் பிள்ளையா? விருந்தாளின்னா ஒரு மாசத்துல சலிச்சுப்போகும். வேலைக்குன்னா நான் இப்பவே கூட்டிட்டுப் போயிடுவேன்."

"இந்த வீட்ல குழந்தையை வேலைக்கு வெச்சதில்லை வாத்தியாரே" என்றார் பஞ்சநதம், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

"தெரியும். அதனாலதான் இல்லத்துக்கு நேராப் போகாம இங்கே வந்திருக்கேன்."

பஞ்சநதம் எழுந்து முற்றத்து விளிம்பு வரை நடந்தார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை என்பது உண்மை. அதற்காகப் பொய்யாகப் போன ஒரு சொல்லின் மேல் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கட்டுவதா? அவளை அனுப்பிவிட்டால் ஊர் வாய் மூடும். மூடத்தான் செய்யும். ஆனால் ஊருக்குப் பயந்து ஒரு குழந்தையை பஸ் ஏற்றிய வீடு என்பது மட்டும் கௌரவமா?

திரும்பி வந்தார்.

"பக்கிரி என்னை அண்ணேன்னுதான் கூப்பிட்டுக்கிட்டிருந்தான். தம்பி பொண்ணு எனக்கும் பொண்ணு. இனிமே வேம்பு என்னைப் பெரியப்பான்னு கூப்பிடட்டும். மதகுல நான் சொன்னது வாய் தவறினது."

மங்களாம்பிகை கரண்டியைக் கீழே வைத்தாள். தன் புருஷன் வாயிலிருந்து 'வாய் தவறினது' என்று கேட்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

தர்மாம்பாள் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! குஞ்சிதபாதத்துக்குத் தங்கச்சி. எல்லாம் சரியாப் போச்சு. ஆனா தம்பிங்கறீங்களே, தம்பி மேலயா கேஸ் நடத்தறது?"

"அண்ணன் தம்பி கேஸ் இல்லாத தெரு குடவாசல் தாலுகாவுல எங்கே இருக்கு? அது பாட்டுக்கு நடக்கும்."

தூண் மறைவில் நின்றிருந்த சாவித்திரி மெதுவாகக் கேட்டாள். "அத்தை, அப்ப அவ உங்களுக்கு அண்ணன் பொண்ணுதானே?"

"ஆமாடி கண்ணு."

"அப்ப நம்ம நல்லக்கண்ணு அத்தானுக்கு அவ முறைப்பொண்ணு ஆச்சே?"

தர்மாம்பாளின் விசிறல் நின்றது. நல்லக்கண்ணு அவள் தவமிருந்து பெற்ற மகன். வாத்தியார் அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். குஞ்சிதபாதம் தாழ்வாரத்தில் உருண்டு உருண்டு சிரித்தான்.

"நான் காப்பி குடிக்கறேன்" என்று தர்மாம்பாள் எழுந்து உள்ளே போனாள்.

வேம்புவைக் கூப்பிட்டார்கள். கொல்லையில் சாணம் தட்டிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். 'யார் இவளைச் சாணம் தட்டச் சொன்னது?' என்று பஞ்சநதம் மனைவியைப் பார்த்தார். 'நான் சொல்லவில்லை' என்று அவள் தலையாட்டினாள்.

"வேம்பு, நீ இங்கேயே இருந்து படிக்கிறியா?" என்று கேட்டார் வாத்தியார்.

"படிக்கிறேன் சார்."

சாரைக் கூப்பிடுகிறாள்! அப்படியானால் கூப்பிடத் தெரியாமல் இல்லை.

"அப்ப இனிமே இவரைப் பெரியப்பான்னு கூப்பிடணும். எங்கே, ஒரு தடவை கூப்பிடு பார்ப்போம்."

வேம்பு பஞ்சநதத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். உதடு அசையவில்லை.

"வாயில வரலையாடி?" என்றாள் சாவித்திரி.

"வரும்."

"பின்னே?"

"அப்பா சொல்லக்கூடாதுன்னிருக்கு."

பஞ்சநதம் குனிந்தார். "எப்போம்மா சொன்னான்?"

"கேஸ் போட்ட அன்னிக்கு. முன்னெல்லாம் எங்க வீட்ல உங்களைப் பத்திப் பேசினா பெரியப்பான்னுதான் சொல்லுவேன். கேஸ் முடியற வரைக்கும் அப்படிக் கூப்பிடாதேன்னிச்சு. முறை சொல்லிக்கிட்டே நிலத்தைக் கேக்கறான்னு யாரும் பேசிடக் கூடாதாம்." சற்று நிறுத்தி, சொல்லிக்கொடுத்த பாடத்தில் எதையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோலத் தொடர்ந்தாள். "அதுக்காக மரியாதை இல்லாம வேற எதுவும் சொல்லிடாதே, எதிர்ல போய் நில்லு, அவங்களே பாப்பாங்கன்னிச்சு."

அத்தனை நாளும் அவர் முன்னால் வந்து வந்து நின்றது அதுதானா!

பஞ்சநதம் பிள்ளை பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கிரி தன்னை நம்பாமல் ஆபீஸுக்குப் போனான் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார். 'அண்ணே' என்று சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நின்றிருந்தால், அவர் கொடுத்திருக்கவும் கூடும். அப்படி வாங்க அவனுக்கு மனசில்லை. உறவைக் காட்டி வாங்குவதைவிடச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது மேல் என்று இருந்திருக்கிறான். எதிராளியின் நெஞ்சு இவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அப்பா சொன்னா கூப்பிடுவியா?"

"சொன்னா கூப்பிடுவேன்."

அவர் எழுந்தார். "வாத்தியாரே, நீங்க தஞ்சாவூர் போங்க. வேம்பு வரலை."

"அப்ப வீட்டுப் பிள்ளைதானா?"

"அதை நான் சொல்ல முடியாது. தகப்பன் உயிரோட இருக்கான். அவனை ஒரு வார்த்தை கேக்காம, அவன் பொண்ணுக்கு நாம எல்லாரும் கூடி முறை வெச்சுக்கிட்டிருக்கோம். நாளைக்கு என் பொண்ணுக்கு எவனாவது இப்படிச் செஞ்சா நான் சும்மா இருப்பேனா? திருச்சி போயிட்டு வர்றேன்."

"ஜெயிலுக்கா?" காப்பி டம்ளரோடு ஓடிவந்தாள் தர்மாம்பாள். "நம்ம வீட்டு ஆம்பளை ஜெயில் வாசல்ல மனு குடுத்துட்டு நிக்கறதா? வக்கீல் கேட்டா என்ன சொல்லுவார்? எதிராளி கால்ல விழுந்துட்டார்னு நாளைக்கே..."

"கால்ல விழப் போகலை. கேக்கப் போறேன்."

அறைக்குள் மங்களாம்பிகை பையில் வேட்டியும் துண்டும் எடுத்து வைத்தாள். ஒரு பொட்டலம் பொரிவிளங்காய் உருண்டையும் வைத்தாள். அது அவருக்கு அல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

"அவன் வேண்டாம்னுட்டா?" என்றாள்.

"வேண்டாம்னா இல்லத்துக்கு அனுப்பணும். வேற இடம் பாக்கச் சொல்லி வாத்தியாரைக் கேக்கணும்."

"என்னால முடியாது."

"என்னாலயும்..." என்று தொடங்கியவர், தாம் என்ன சொல்லவந்தோம் என்று தாமே திகைத்துப்போய்ப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

கும்பகோணம் பஸ்ஸில் பாதிக்கு மேல் உள்ளூர்க்காரர்கள். அவர் ஏறினதும் பேச்சு அடங்கியது. முன் சீட்டு ஐயாவு மட்டும் அடங்கவில்லை. நேற்று மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர்.

"பிள்ளைவாள் எங்கே, பையோட? சம்பந்தியைப் பாக்கவா?"

பஸ் சிரித்தது. பஞ்சநதம் காது கேட்காதவர்போல் உட்கார்ந்திருக்கலாம். இத்தனை வருஷமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். இன்று எழுந்து, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் நின்றார்.

"ஐயாவு, நேத்து மதகுல மாமான்னு சொன்னேன். தப்பு. பெரியப்பான்னு சொல்லியிருக்கணும். எல்லாரும் கேட்டுக்குங்க. கேஸ் கேஸா நடக்கும். பக்கிரியைப் பாக்கத்தான் போறேன். அவன் பொண்ணை என் வீட்ல, என் பொண்ணா வெச்சுக்கலாமான்னு அவன்கிட்ட கேக்கப் போறேன். அவன் வேண்டாம்னா வேண்டாம்தான்."

ஐயாவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கேள்வி ஒன்றும் கேட்காமல் நகர்ந்தார்.

பஞ்சநதம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

பின் சீட்டிலிருந்து ஒரு ஆள் எழுந்து முன்னால் வந்தான். காத்தான். விவசாயச் சங்கத்துக்காரன். தோளில் சிவப்புத் துண்டு. அதை அவன் இப்போதெல்லாம் யாருக்காகவும் இறக்குவதில்லை. பஞ்சநதத்தின் பக்கத்தில் இடம் இருந்தது. அவன் உட்காராமல் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"நானும் திருச்சிக்குத்தான் போறேங்க. மனுவுல உங்க பேரை மட்டும் எழுதிக் குடுத்தா பக்கிரி பாக்க வரமாட்டாரு. என் பேரையும் சேத்து எழுதுங்க."

பஞ்சநதம் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு மடியிலிருந்த பையைக் காலடியில் வைத்துவிட்டு ஜன்னல் ஓரமாக நகர்ந்தார். காத்தான் உட்கார்ந்தான். பஸ் குடமுருட்டிப் பாலம் ஏறியது.

"என்ன சொல்லுவான்னு நினைக்கிறே?"

"தெரியலைங்க. ரோஷக்காரரு" என்றான் காத்தான். "ஆனா போன தடவை நான் பாத்தப்ப, பெண்டாட்டி உடம்பைப் பத்திக் கேட்டாரு, கேஸைப் பத்திக் கேட்டாரு. கிளம்பற நேரத்துல கம்பிக்குப் பின்னாலேருந்து கூப்பிட்டு இன்னொண்ணும் கேட்டாரு. 'எம் பொண்ணு அந்த வீட்ல யாரையாவது, ஏதாவது சொல்லிக் கூப்பிடுதா'ன்னு."

பஞ்சநதம் சட்டென்று திரும்பினார். "நீ என்ன சொன்னே?"

"எனக்கு என்ன தெரியும்? தெரியலைன்னேன்."

"கூப்பிடுதுன்னா அவனுக்குச் சந்தோஷமா? இல்லைன்னா சந்தோஷமா?"

"அதைத்தாங்க நானும் அன்னிலேருந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றான் காத்தான். "அவரு மூஞ்சியைப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலை."